நடிகர்களைப் பிடித்தது, படம்தான் பிடிக்கவில்லை: ஒரு ஏற்காட்டுக் காதல் படம் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படம் பார்ப்போம், முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம். இரண்டு மாதத்துக்கு முன்பு பார்த்தது ஏற்காட்டில் நடக்கும் ஒரு காதல் நகைச்சுவைப் படம். அது தியேட்டரில் வந்தபோதே முதல் வாரம் போய்ப் பார்த்து, மனசு வாடித் திரும்பியிருந்தேன். ஓடிடியில் வந்த பிறகு எல்லாரோடும் சேர்ந்து இன்னொரு முறை பார்த்தேன். அதே வருத்தம்தான் மிஞ்சியது.

அன்றிலிருந்து பள்ளி ஸ்டாஃப் ரூமில், உழவர் சந்தையில், பஸ்ஸில், எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் தமிழ் எடுக்கிற டீச்சர். அந்தப் பழக்கம் பதில்களில் தெரியும்.

டீச்சர், நான் படம் பாக்கல. மொதல்ல கதை என்னன்னு சொல்லுங்க.

ஏற்காட்டில் தாத்தா வைத்துவிட்டுப் போன பத்து ஏக்கர் காப்பித் தோட்டம். அதன் பேரில் வங்கிக் கடன். பேரன் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறான். வீட்டில் பாட்டி, அப்பா, ஒரு தங்கை. தவணை நின்றுபோகிறது. தோட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை தரச் சொல்லிச் சென்னையிலிருந்து ஒரு பெண்ணை வங்கி அனுப்புகிறது. மழை பிடித்துக்கொள்கிறது, ஜீப் பஞ்சராகிறது, பாட்டி சாப்பிடாமல் விடமாட்டேன் என்கிறாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போகிறது.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடை வாசலில் அவன் வேறொரு பெண்ணின் கையில் வெள்ளிக் கொலுசு கொடுப்பதை அவள் தூரத்திலிருந்து பார்க்கிறாள். உண்மையில் அந்தப் பெண் தங்கையின் தோழி, கொலுசும் தங்கைக்குத்தான். ஒரு வார்த்தை கேட்காமல் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். இரண்டாம் பாதி முழுக்க அவன் தேடுகிறான், நண்பன் உளறுகிறான். கடைசியில் கோடை விழா மேடையில் மைக்கைப் பிடித்துக் காதலைச் சொல்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். வங்கி அவகாசம் கொடுத்துவிட்டதாக அப்பா ஒரே வரியில் சொல்கிறார். படம் முடிகிறது.

படத்து பேர எழுதவே இல்லையே, ஏங்க?

பெயரைப் போட்டால், அந்த நடிகர்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு இந்தக் குறைகளும் சேர்ந்து கண்ணில் படும். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வருத்தம் கதையைக் கட்டிய விதத்தில் இருக்கிறது. பார்த்தவர்களுக்குக் கொலுசு என்றதுமே எந்தப் படம் என்று தெரிந்துவிடும்.

காதல் நகைச்சுவைன்னா என்ன டீச்சர்? காதல் படத்துல காமெடி இருந்தா அதானே?

இரண்டும் வேறு. நம் படங்களில் ரொம்ப காலம் காமெடியைத் தனி டிராக்காக எழுதி எடுத்தார்கள். காதலர்கள் ஒரு பக்கம் அழுவார்கள், சிரிப்பு நடிகர் இன்னொரு பக்கம் சிரிக்க வைப்பார். அந்த டிராக்கை வெட்டி எடுத்தாலும் கதை குலையாது. காதல் நகைச்சுவையில் அப்படி வெட்ட முடியாது, ஏனென்றால் அங்கே சிரிப்பு வருவதே அந்தக் காதலால்தான்.

1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாலையாவுக்குப் பணக்காரச் சம்பந்தம் வேண்டும். அந்த ஆசைதான் காதலுக்குத் தடை. அந்த ஆசைக்காகத்தான் முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷம் போட வேண்டியிருக்கிறது. படம் எடுக்கிறேன் என்று அலையும் நாகேஷ்கூட அதே வீட்டுப் பிள்ளை. ‘மிஸ்ஸியம்மா’வும் (1955) அப்படித்தான். புருஷன் பெண்டாட்டி என்று சொன்னால்தான் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்பதால் ஜெமினியும் சாவித்திரியும் அப்படி நடிக்கிறார்கள். சிரிப்பும் அதிலிருந்துதான், காதலும் அதிலிருந்துதான். வயிற்றுப் பாட்டுக்காக ஆரம்பித்த நடிப்பு என்பதால் ஒரு இடத்தில்கூட அது பொய்யாகத் தெரிவதில்லை. வாத்தியார் வேலைக்கு அலைந்த நாட்களில் அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எல்லாரும் நல்லாத்தானே நடிச்சிருந்தாங்க? அப்புறம் ஏன் பிடிக்கலன்னு சொல்றீங்க?

நன்றாகத்தான் நடித்திருந்தார்கள். கதாநாயகன் டிவியிலிருந்து வந்தவர். பேசி முடித்த பிறகும் அவர் கண்ணில் ஒரு சிரிப்பு பாக்கி நிற்கிறது. கதாநாயகி பதில் சொல்வதற்கு முன்னால் அரை நொடி யோசிக்கிறார், அந்த அரை நொடியே நமக்குப் பிடித்துவிடுகிறது. பாட்டியாக வந்தவர் முறம் பிடித்த விதத்திலேயே அவருக்குப் புடைக்கத் தெரியும் என்று புரிகிறது. அப்பாவாக வந்தவர் மேடை நாடகத்தில் பழகியவர். அவருக்கு மொத்தம் மூன்று காட்சி, மூன்றிலும் பேப்பரை மடித்து வைப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை.

ஏமாற்றத்துக்குக் காரணமே அவர்களைப் பிடித்துப்போனதுதான். தெரியாத நடிகர்கள், ஒட்டாத நடிப்பு என்றால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்திருப்போம். இவர்களைப் பார்த்து நமக்கு அக்கறை வந்துவிட்டது, இவர்களுக்கு ஏதாவது நடக்க வேண்டுமே என்று காத்திருந்தோம். கடைசி வரைக்கும் அவர்கள் மனசைத் தொடுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

கெமிஸ்ட்ரி இல்லன்னு யூடியூப்ல சொல்றாங்களே அத்தை, அப்படின்னா என்ன?

என் அண்ணன் மகன் கேட்டது. இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் நமக்கு உள்ளே ஏதோ படபடக்கிறது இல்லையா, அதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது நடிகர்களிடம் பிறவியிலேயே இருக்கிற விஷயம் என்று நினைக்கிறோம். பாதிதான் உண்மை. ஒருவருக்கு இன்னொருவரிடமிருந்து என்ன வேண்டும், அதை ஏன் கேட்க முடியவில்லை என்பதை எழுதித் தந்தால் பெரும்பாலான நல்ல நடிகர்களிடம் அது வந்துவிடும். இந்த ஜோடிக்கும் ஒரு காட்சியில் வந்தது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஒரு சீன் கூடவா நல்லா இல்ல? ரொம்ப கறாரா இருக்கீங்களே அக்கா.

ஒரு காட்சி இருக்கிறது, அருமையான காட்சி. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து மலை ஏறும்போது ஜீப் பஞ்சராகி ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிடுகிறது. வளைவின் எண் பலகை பின்னால் தெரிகிறது, மொத்தம் இருபதில் பதின்மூன்று. அவன் டயரைக் கழற்றுகிறான். அவள் சும்மா நிற்கப் பிடிக்காமல் போல்ட்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்கிறாள். அடிவாரத்தில் வாங்கிய தட்டுவடை செட்டு பொட்டலத்தில் ஈரமாகிக்கொண்டிருக்கிறது. நமக்குத் தெரியும், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய காய்களும் வைத்தது, உடனே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும். அவன் கையெல்லாம் கிரீஸ். அவள் ஊட்டவும் முடியாது, அவனை விட்டுவிட்டுத் தின்னவும் மனசில்லை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் கடன், தோட்டம், அறிக்கை என்று வேறு என்னென்னவோ பேசுகிறார்கள்.

அப்போது அவன் கேட்கிறான்: “உண்மையை எழுதினா எங்களுக்கு நல்லதுங்களா, கெட்டதுங்களா?” அவள் பதில் சொல்லாமல் ஒரு போல்ட்டை நீட்டுகிறாள். மாடியில் எல்லாரும் அமைதியாகிவிட்டோம். ஒரே காட்சியில் பசி, வெட்கம், காதல், பயம் எல்லாம் வந்துவிட்டது, சிரிப்பும் கூடவே இருந்தது. இவ்வளவு எழுதத் தெரிந்தவர்கள் மீதிப் படத்தை ஏன் இப்படி விட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்டர்வெல்லுக்கு அப்புறம் படம் ஏன் அப்படி படுத்துடுச்சு?

கொலுசால்தான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தடை அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அவள் கேட்காததற்கு ஒரு காரணமும் காட்டவில்லை. கணக்கு, அளவு, ஆதாரம் என்று வாழ்கிற பெண் அவள். தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்து எண்ணியவள். அவள் போய் தூரத்திலிருந்து பார்த்த ஒன்றை நம்பி ஊரை விட்டே போவாளா? கதைக்கு ஒரு மணி நேரம் தேவைப்பட்டது, அதற்காக அவளை முட்டாளாக்கிவிட்டார்கள்.

தவறாகப் புரிந்துகொள்வது காதல் கதைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. திருக்குறளில் ‘புலவி நுணுக்கம்’ (ஊடலின் நுட்பம்) என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு குறள்: அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். அடுத்த நொடி, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அதற்கு அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். அவள் சந்தேகப்படுவது அவள் அன்பின் அளவைக் காட்டுகிறது, அவன் திண்டாட்டம் அவன் பயத்தைக் காட்டுகிறது. தும்மல் அந்த இருவருக்குள்ளே நடக்கிறது. கொலுசு வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த பொருள்.

செல்போன் வந்ததுக்கு அப்புறம் இந்த மாதிரி படமே எடுக்க முடியாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். சரியா?

மாறிப்போன கடிதம், ஆள் மாறாட்டம் மாதிரி பழைய தடைகளை வைத்து எடுப்பது கஷ்டம், அது உண்மை. ஆனால் ஃபோன் இருந்தும் கேட்க முடியாத கேள்விகள் நிறைய இருக்கின்றன. பஞ்சர் காட்சியில் அவன் நேரில் கேட்டான், அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்கு எந்த ஃபோன் உதவும்? இந்தப் படத்திலோ மலையில் சிக்னல் இல்லை என்று மூன்று முறை சொல்லிச் சமாளித்தார்கள். அவள் சென்னைக்குப் போன பிறகும் சிக்னல் இல்லையா என்று என் பக்கத்தில் இருந்த பெண் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

“அம்மா, அந்த அக்காவுக்கு வேலையே போயிடுச்சா?”ன்னு என் பொண்ணு கேட்டா. எனக்கும் அதே டவுட்டு. அந்த ரிப்போர்ட் என்னாச்சு?

உங்கள் மகள் கேட்டதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி. அந்த அறிக்கை படத்தில் காணாமல் போய்விடுகிறது. முதல் பாதியில் அவள் நோட்டும் பேனாவுமாக நடக்கிறாள், இரண்டாம் பாதியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள்.

யோசித்துப் பாருங்கள். உண்மையை எழுதினால் அவனுக்குப் பிடித்த இடம் கையை விட்டுப் போகலாம். கூட்டி எழுதினால் அவள் செய்கிற தொழிலுக்கே துரோகம். இதைவிடப் பெரிய தடையை யார் கற்பனை செய்ய முடியும்? யாரும் கெட்டவர் இல்லை, யாரும் முட்டாள் இல்லை, இருந்தும் சேர முடியவில்லை. அதைக் கதையின் முதல் பத்து நிமிடத்திலேயே கையில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டுக் கொலுசைத் தேடிப் போய்விட்டார்கள்.

வேலைக்குப் போகிற பெண்ணைக் கதாநாயகி ஆக்கினால் மட்டும் போதாது. அந்த வேலையில் அவள் எடுக்கிற முடிவு கதையை நகர்த்த வேண்டும். மேடையில் அவன் காதலைச் சொன்னபோது அவளுக்குக் கொடுத்தது ஒரு தலையாட்டல் மட்டும். அந்த அரை நொடி யோசனையைக்கூட எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

ஃப்ரெண்டா வர்றவர் காமெடிக்கு நல்லா சிரிச்சோமே. அதையும் குறை சொல்வீங்களா?

அவர் திறமையைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எழுதித் தந்ததைச் சொல்லுவேன். சிரிப்பு நான்கு விஷயங்களால் வரும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் இருக்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். நான்கு ஊற்று இருக்க, இவருக்கு ஒன்றை மட்டும் திறந்துவிட்டார்கள். குண்டாக இருக்கிறார் என்று கேலி, அவரைப் பார்த்தால் பெண் ஓடுகிறாள் என்று கேலி. முதல் முறை சிரித்தோம், நான்காவது முறை மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் பாட்டி சொன்ன ஒரு பொய்யை அவர் அப்படியே நம்பிக் கோழியைத் தேடிப் போகிற காட்சி ஒன்று வருகிறது. அரை நிமிடம்தான். வெகுளித்தனத்தில் வந்த சிரிப்பு, இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஏற்காட்ட எவ்ளோ அழகா காட்டியிருந்தாங்க! அதுக்காகவே பாக்கலாமே?

ஏரி, படகு, லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி தெரியும் சேலத்து விளக்குகள், பகோடா பாயிண்ட், பனிமூட்டம். எல்லாம் அழகுதான். ஆனால் அது இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் பார்க்கிற ஏற்காடு. கதை நடப்பதோ அங்கேயே பிறந்து வளர்ந்தவன் வீட்டில்.

மலைமேல் இருக்கிறவருக்கு மருந்துக்கும் மளிகைக்கும் பத்திரப் பதிவுக்கும் சேலம் வந்தாக வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் ராத்திரி இங்கேதான். காலையில் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டரோடு கிளம்பி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது வேர்த்துக் கொட்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு காதல், எவ்வளவு சிரிப்பு ஒளிந்திருக்கிறது! படத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஊரை விட்டு நிஜமாகவே எங்காவது போய் வந்தது அந்த ஜீப் காட்சியில் மட்டும்தான். அந்தக் காட்சி நன்றாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மே மாசத்துல காப்பிச் செடில செக்கச்செவேல்னு பழம் காட்டுறாங்க. காமெடி படத்துல லாஜிக் பாக்கலாமா டீச்சர்?

ஏற்காட்டுக்காரர் ஒருவர் கேட்டது. கேட்கும்போது அவர் முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. சித்திரையை ஒட்டிக் கோடை மழை பெய்ததும் காப்பி வெள்ளை வெளேரென்று பூக்கும், மலையே மணக்கும். பழம் சிவந்து பறிப்பு நடப்பது கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும். மே மாதக் கோடை விழா சமயத்தில் செடியில் பச்சைக் காய்தான் இருக்கும்.

சின்னத் தப்புகளை நான் விட்டுவிடுவேன். பஸ் நம்பர் தப்பு, பேச்சு வழக்கு கொஞ்சம் கோயமுத்தூர்ப் பக்கம் போய்விடுகிறது, பரவாயில்லை. இதை விட முடியாததற்குக் காரணம், தோட்டத்தின் மதிப்பே அந்த விளைச்சலில்தான் இருக்கிறது. கடன் வாங்கியவன் வீட்டில் பூ எப்போது, பழம் எப்போது என்பதுதான் உயிர் போகிற கேள்வி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து சேர்வராயன் மலையில் எத்தனையோ குடும்பங்கள் அந்த மாதங்களை நம்பித்தான் கல்யாணத் தேதி குறிக்கின்றன, கடன் தவணை சொல்கின்றன. அதைத் தெரிந்துகொண்டிருந்தால் கதைக்கே ஒரு கெடு கிடைத்திருக்கும்.

நம்ம ஊர்ல எடுத்த படம். நாமளே குறை சொன்னா எப்படிம்மா? ஊர்ப் பெருமை இல்லையா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார், உரிமையோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஐயா, ஏற்காடு போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டித்தானே நாம் போகிறோம்? டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் அவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கேதான் உருவானது. நடிகர், கதாசிரியர், தொழிலாளி எல்லாருக்கும் மாதச் சம்பளம் கொடுத்துப் படம் எடுத்த ஊர் இது.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குப் படம் எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்கிற உரிமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. நம் மலை திரையில் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். அந்த மலையில் வாழ்கிறவர்களின் பாடு கதையில் வந்தால்தான் எனக்குப் பெருமை.

எங்களுக்கு நிச்சயம் ஆயிருக்கு. ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம், ஜாலியா இருந்துச்சு. எங்களுக்கு ரசனை இல்லையாக்கா?

ஐயோ, அப்படி நினைக்கவே வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த முதல் படம் என்று சொன்னீர்கள். அந்தச் சந்தோஷத்தை யாரும் குறைக்க முடியாது. பார்த்தபோது சிரித்தது நிஜம், நானும் சில இடங்களில் சிரித்தேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படம் முடிந்து ஐந்து ரோடு வரைக்கும் நடந்தபோது அந்தப் படத்தைப் பற்றி என்ன பேசினீர்கள்? உங்கள் வருங்கால மாப்பிள்ளை தட்டுவடை காட்சியைச் சொன்னார் என்றீர்கள். அந்த ஒரு காட்சி மாதிரி படம் முழுக்க இருந்திருந்தால் வீடு வரைக்கும் பேசியிருப்பீர்கள். உங்களுக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

குறை சொல்றது சுலபம். நீங்களா இருந்தா எப்படி எழுதியிருப்பீங்க?

நியாயமான கேள்வி. மாடியில் இரண்டு வாரம் இதைத்தான் பேசினோம், எல்லாருடைய யோசனையும் இதில் இருக்கிறது.

முதலில் கதையை மேயிலிருந்து கார்த்திகைக்கு மாற்றிவிடுவோம். பழம் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. அறிக்கை இருபது நாளில் போக வேண்டும், பறிப்பு முடிய அதற்கு மேல் ஆகும். பழம் மரத்தில் இருக்கும்போது எண்ணினால் ஒரு மதிப்பு, களத்தில் காய்ந்து மூட்டையானால் வேறு மதிப்பு. அதனால் அவளைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாலே போதும் என்று வீட்டில் எல்லாரும் கிளம்புகிறார்கள். பாட்டி தினமும் விருந்து வைக்கிறாள். பேப்பரை மடிக்க மட்டும் வந்த அப்பா, எல்லைக் கல் எங்கே என்று அவள் கேட்டால் தாத்தா காலத்துக் கதையை ஆரம்பிக்கிறார், சாயங்காலம் வரைக்கும் முடிக்க மாட்டார். நண்பன் சில்வர் ஓக் மரங்களையும் மிளகுக் கொடிகளையும் சேர்த்து எண்ணிக் கணக்கைக் குழப்புகிறார். சிரிப்பு எல்லாரிடமிருந்தும் வரும், எல்லாம் ஒரே காரணத்துக்காக வரும். அவளைத் தாமதப்படுத்தச் சொல்லி அனுப்பப்பட்டவனுக்கோ, நாள் ஆக ஆக அவள் போகப்போகிறாளே என்ற கவலை வந்துவிடும்.

இடைவேளையில் கொலுசு வேண்டாம். அவர்கள் தாமதப்படுத்தியது தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். இவ்வளவு நாள் கிடைத்த அன்பெல்லாம் அறிக்கைக்காகவா என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பாதி ஆமாம், பாதி இல்லை என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல அவனுக்கு மீதிப் படம் முழுக்கத் தேவைப்படும்.

கடைசியில் துரத்தலும் வைக்கலாம், ஆனால் நம் ஊர்த் துரத்தலாக. ஏற்காட்டிலிருந்து இறங்க இரண்டு வழி: அடிவாரம் வழியாக வருகிற இருபது வளைவுப் பாதை ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. அவன் ஒரு வழியில் அவளைத் தேடி இறங்கட்டும். அறிக்கையை அவன் கையில் கொடுக்கத் திரும்பி வருகிற அவள் இன்னொரு வழியில் ஏறட்டும். இவன் கீழே, அவள் மேலே. பாட்டி அவளை உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டே பேரனுக்கு ஃபோன் செய்கிறாள், “நீ எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்று. சிக்னல் நன்றாகவே கிடைக்கட்டும். அறிக்கையில் அவள் எழுதியது உண்மை. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றால்தான் மீதி நிற்கும் என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் காதல் தெரிய வேண்டும். மைக் வேண்டாம், மேடை வேண்டாம்.

அதே டைரக்டர் அடுத்த படம் எடுத்தா போவீங்களா டீச்சர்?

போவேன், முதல் நாளே போவேன். போல்ட்டை நீட்டுகிற கையை எங்கே வைத்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

இந்த ஞாயிறு ஆறரை மணிக்கு மாடியில் அந்தப் பஞ்சர் காட்சியை மட்டும் மறுபடி போடுகிறோம், அதற்குப் பிறகு ‘மிஸ்ஸியம்மா’ முழுசாக. தட்டுவடை செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், ஈரமாவதற்குள் வந்துவிடுங்கள்.